தண்ணீர் குடிக்க ஒரு கழிவறை வேண்டும்

'யூரின் இன்ஃபெக்‌ஷன்' என்று மருத்துவர் சொன்னதுமே பெண்களுக்கு அறிவுரைகள் வரிசையாக வந்து சேரும். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், அடக்கி வைக்கக் கூடாது, முன்னிருந்து பின்னாகக் கழுவ வேண்டும், பருத்தி உள்ளாடைதான் போட வேண்டும், கண்ட இடத்துக் கழிவறைக்கும் போகக் கூடாது, சுத்தமாக இருக்க வேண்டும். கடைசியாகச் சொல்லும் சொல்தான் தைக்கும். நீ சுத்தமாக இல்லாததால் வந்த நோய் இது என்ற தீர்ப்பு அதற்குள் ஒளிந்திருக்கிறது. மாமியார், அம்மா, பக்கத்து வீட்டு அக்கா என எல்லோர் வாயிலிருந்தும் அதே தீர்ப்பு திரும்ப வரும்.

இந்த அறிவுரைகளில் எதற்கு எவ்வளவு ஆதாரம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். அதிகமாக வற்புறுத்தப்படும் பழக்கங்கள் பலவற்றுக்கு ஆதாரம் மெலிது. உறுதியான ஆதாரம் உள்ள பழக்கம் ஒன்று இருக்கிறது. ஆனால் அதைக் கடைப்பிடிப்பது அந்தப் பெண்ணின் கையில் மட்டும் இல்லை.

நோய் வரும் விதத்தை முதலில் பார்த்துவிடலாம். இதை உண்டாக்கும் கிருமி பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதில்லை. 1885-இல் தியோடோர் எஷெரிக் என்ற குழந்தை மருத்துவர் கைக்குழந்தைகளின் மலத்தில் கண்டு விவரித்த ஈ.கோலை பாக்டீரியா நம் எல்லோர் குடலிலும் குடியிருக்கிறது. சாதாரணச் சிறுநீர்ப்பைத் தொற்றுகளில் ஏறக்குறைய முக்கால்வாசி அதன் வேலைதான். குடலில் இருக்கும்வரை அதனால் தொல்லை இல்லை. ஆசனவாய்ப் பகுதியிலிருந்து நகர்ந்து, சிறுநீர்த்தாரை வழியே ஏறிச் சிறுநீர்ப்பைக்குள் போனால் அங்கே ஒட்டிக்கொள்ள அதனிடம் வசதி இருக்கிறது. அதன் உடலிலிருந்து நீளும் மெல்லிய இழைகளின் நுனியில் ஒரு புரதம் உண்டு. சிறுநீர்ப்பையின் உட்சுவரில் உள்ள மேனோஸ் என்ற சர்க்கரையை அது கவ்விப் பிடித்துக்கொள்ளும். பிடிமானம் கிடைக்கும் முன் சிறுநீரோடு வெளியேறிவிட்டால் பிழைத்தோம். தங்கிப் பெருகினால் எரிச்சல், அடிக்கடி முட்டிக்கொண்டு வருதல், போனால் சொட்டுச் சொட்டாக வருதல், அடிவயிற்று வலி, சில நேரம் ரத்தம்.

ஆணின் சிறுநீர்த்தாரை சுமார் 20 செ.மீ. நீளம். பெண்ணுக்கு 4 செ.மீ.தான். அதன் வாய் பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் மிக அருகில் இருக்கிறது. பெண்களில் பாதிப்பேருக்காவது வாழ்நாளில் ஒருமுறை இந்தத் தொற்று வருவதற்கு உடலின் இந்த அமைப்பே முதற்காரணம். ஒருமுறை வந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ஆறு மாதத்துக்குள் மீண்டும் வருகிறது. தொற்று திரும்பத் திரும்ப வரும் இளம்பெண்களை ஆராய்ந்து 2000-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், தாய்க்கும் இந்தத் தொல்லை இருந்திருப்பதும், முதல் தொற்று 15 வயதுக்குள் வந்திருப்பதும் ஆபத்தைக் கூட்டுவது தெரிந்தது. சிலருடைய உடல்வாகிலேயே கிருமிக்குப் பிடிமானம் எளிதாகக் கிடைக்கிறது. தினம் இரண்டு வேளை குளிப்பவருக்கும் வரும். குளிக்காதவருக்கு வராமலும் போகலாம்.

அதே ஆய்வு பழக்கங்களையும் சோதித்தது. உறவுக்கு முன்னும் பின்னும் சிறுநீர் கழித்தல், துடைக்கும் திசை ஆகியவற்றுக்கும் தொற்று திரும்ப வருவதற்கும் தெளிவான தொடர்பு அதில் தென்படவில்லை. தொடர்பு வலுவாகத் தெரிந்தவை, உறவின் எண்ணிக்கையும் விந்துக்கொல்லி மருந்து பூசிய கருத்தடைச் சாதனங்களும். முன்னிருந்து பின்னாகக் கழுவுவதை விட்டுவிடலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. கிருமி வரும் வழியைப் பார்த்தால் அது அர்த்தமுள்ள பழக்கம், செலவும் இல்லை. பெண் குழந்தை தானாகக் கழுவிக்கொள்ளத் தொடங்கும் வயதில் கையைப் பின்பக்கமாகக் கொண்டுபோய்க் கழுவச் சொல்லிக்கொடுத்தால் போதும். கைக்குழாய் இருந்தால் தண்ணீர் பின்னாலிருந்து முன்னே பீய்ச்சாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் இதைச் சரியாகச் செய்தும் தொற்று வருகிறவரிடம் 'நீ ஒழுங்காகக் கழுவவில்லை' என்று சொல்வதற்கு நம்மிடம் ஆதாரம் கிடையாது.

சுத்தம் என்ற பெயரில் செய்யும் சிலவற்றால் கேடுதான் வருகிறது. பெண்ணின் பிறப்புறுப்பில் லாக்டோபேசிலஸ் என்ற நல்ல பாக்டீரியா வாழ்ந்து, அமிலத்தன்மையைக் காத்து, குடல் கிருமிகள் அங்கே நிலைகொள்ளாமல் தடுக்கிறது. கிருமிநாசினி கலந்த தண்ணீரால் உள்ளே கழுவுவதும், மணமூட்டிய திரவங்களை ஊற்றுவதும் அந்தக் காவலைக் கலைத்துவிடும். வெளிப்புறத்தை வெறும் தண்ணீரால் கழுவினாலே போதும். உட்புறம் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். விளம்பரத்தில் வரும் 'இன்டிமேட் வாஷ்' பாட்டில்களுக்குக் கொடுக்கும் காசு வீண் என்பது என் உறுதியான எண்ணம். பருத்தி உள்ளாடை, தளர்வான உடை இரண்டும் நம் வெயிலுக்கு இதமானவை, பூஞ்சைத் தொல்லையைக் குறைப்பவை. சிறுநீர்த் தொற்றைத் தடுக்கும் என்று சொல்லத்தான் வலுவான ஆய்வு இல்லை.

தண்ணீர் விஷயம் வேறு. 2018-இல் வெளியான ஒரு சோதனை இதில் முக்கியமானது. பல்கேரியாவில் 140 பெண்கள் பங்கேற்றார்கள். எல்லோருக்கும் முந்தைய ஆண்டில் தொற்று பலமுறை வந்திருந்தது. எல்லோரும் நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடிப்பவர்கள். பாதிப்பேரிடம் வழக்கத்தைவிட ஒன்றரை லிட்டர் தண்ணீர் கூடுதலாகக் குடிக்கச் சொன்னார்கள். மற்றவர்கள் வழக்கம்போலவே இருந்தார்கள். ஓராண்டு முடிவில் கூடுதலாகக் குடித்தவர்களுக்குச் சராசரியாக 1.7 முறையும், மற்றவர்களுக்கு 3.2 முறையும் தொற்று வந்திருந்தது. கிட்டத்தட்டப் பாதி. ஆன்டிபயாடிக் மருந்தின் தேவையும் அதற்கேற்பக் குறைந்தது. ஆய்வுக்குப் பணம் கொடுத்தது பாட்டில் தண்ணீர் விற்கும் பெருநிறுவனம் என்பதை வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துக் குடித்தாலும் இதே பலன்தான், கம்பெனித் தண்ணீர் வேண்டியதில்லை. ஏற்கெனவே இரண்டரை லிட்டர் குடிப்பவர் மேலும் குடித்தால் பலன் கூடும் என்பதற்கும் இந்தச் சோதனை சான்றாகாது. குறைவாகக் குடிப்பவருக்கான பாடம் அது.

எவ்வளவு குடிப்பது என்பதற்கு லிட்டர் கணக்கைவிடச் சிறுநீரின் நிறம் நல்ல வழிகாட்டி. வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. கருமஞ்சளாக இருந்தால் போதவில்லை. சித்திரை வெயிலில் வியர்வையாகவே நிறையத் தண்ணீர் போய்விடும் என்பதால் மழைக்காலக் கணக்கு கோடைக்குப் பொருந்தாது. இதய பலவீனம், சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. இளநீரில் பொட்டாசியம் அதிகம் என்பதால் சிறுநீரக நோயாளிகளுக்கு அது ஆபத்தாகவும் முடியலாம்.

நம் வீடுகளில் நீர்க்கடுப்பு என்றால் கால் பெருவிரலில் சுண்ணாம்பு தடவுவார்கள். வெந்தயம் ஊறவைத்த தண்ணீர், பார்லிக் கஞ்சி, நீர்மோர், வாழைத்தண்டுச் சாறு, நன்னாரி, நெருஞ்சில் கஷாயம் என ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வழி உண்டு. கோடையில் நாள் முழுக்க அலைந்துவிட்டு வந்தவருக்குச் சிறுநீர் அடர்ந்து எரியும். அதற்கு நீர்மோரும் பார்லியும் சரியான மருந்துதான், ஏனென்றால் உள்ளே போவது தண்ணீர். இரண்டு மூன்று சொம்பு குடித்துச் சிறுநீர் தெளிந்ததும் எரிச்சல் அடங்கினால் பயம் வேண்டாம். அடங்காமல் அடுத்த நாளும் தொடர்ந்தால், முட்டிக்கொண்டு வந்தால், கலங்கலாக இருந்தால், ரத்தம் தெரிந்தால் அது தொற்றாக இருக்கலாம். அப்போது சுண்ணாம்பை நம்பி நாள் கடத்துவது தவறு. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குப் பின்னால் வலி, வாந்தி இவற்றில் எது வந்தாலும் கிருமி சிறுநீரகம்வரை ஏறியிருக்கக்கூடும் என்று எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் எரிச்சல் என்ற அளவிலேயே போய்க் காட்டிவிட வேண்டும்.

அடக்கி வைப்பது பற்றிய ஆதாரம் சற்றுச் சிக்கலானது. 1979-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, தொற்று திரும்பத் திரும்ப வரும் பெண்களில் பெரும்பாலோர் சிறுநீர் முட்டிய பிறகும் ஒரு மணி நேரத்துக்கு மேல் அடக்குபவர்கள் என்றும், தொற்று வராதவர்களில் அப்படிப்பட்டவர்கள் சிலரே என்றும் சொன்னது. 1997-இல் பள்ளி ஆசிரியைகளிடம் நடந்த ஓர் ஆய்வு இதை இன்னொரு கோணத்தில் காட்டியது. அமெரிக்காவில் 791 ஆசிரியைகளிடம் கேட்டதில், பாதிப்பேர் வேலை நேரத்தில் கழிவறைக்குப் போகும்படி ஆகக்கூடாதே என்று வேண்டுமென்றே தண்ணீரைக் குறைத்துக் குடிப்பதாகச் சொன்னார்கள். அப்படிக் குறைத்தவர்களுக்குத் தொற்று வரும் வாய்ப்பு, வேண்டிய அளவு குடித்தவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். எத்தனை முறை கழிவறைக்குப் போனார்கள் என்பதற்கும் தொற்றுக்கும் அந்த ஆய்வில் தொடர்பு தெரியவில்லை.

இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது இது. அடக்குவதன் தீமையில் பெரும்பகுதி, அடக்க நேரும் என்று முன்கூட்டியே தொண்டையை வறளவிடுவதில் இருக்கிறது. கழிவறை இல்லாத பெண் அடக்குவதற்கு முன்பே குடிப்பதை நிறுத்திவிடுகிறாள். 'நிறையத் தண்ணீர் குடியுங்கள்' என்ற அறிவுரை அவள் காதில் விழாமல் இல்லை. குடித்தால் எங்கே போவது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பெரிய துணிக்கடையில் விற்பனைக்கு நிற்கும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். காலை ஒன்பதரைக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் வீட்டில் அரை டம்ளர் காபியோடு பஸ் பிடிக்கிறாள். அவள் நிற்பது மூன்றாம் மாடி பட்டுப் பிரிவு. ஊழியர் கழிவறை இருப்பது மொட்டை மாடியில், அல்லது தரைக்குக் கீழே சரக்கு இறக்கும் இடத்துக்குப் பக்கத்தில். வாடிக்கையாளர் லிஃப்டில் அவள் ஏறக் கூடாது. போக வேண்டுமானால் பொறுப்பாளரிடம், பெரும்பாலும் ஓர் ஆண், சொல்லிவிட்டு, தன் இடத்தில் இன்னொருத்தியை நிறுத்திவிட்டுப் போக வேண்டும். ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளிக் கூட்டத்திலும் நிறுத்த ஆள் கிடைக்காது. மதியச் சாப்பாட்டு அரைமணியில் வரிசையில் நின்று ஒருமுறை, இரவு வீடு திரும்பி ஒருமுறை. கைப்பையில் தண்ணீர் பாட்டில் நிரம்பியபடியே வீட்டுக்கு வரும். தையல் ஆலையில் டார்கெட்டை முடிக்கும் பெண்ணுக்கும், போக்குவரத்துச் சந்திப்பில் நிற்கும் பெண் காவலருக்கும், கழிவறை இல்லாத ரயில் எஞ்சினை ஓட்டும் பெண் ஓட்டுநருக்கும் இதே கணக்குதான்.

பொதுக் கழிவறைக்குப் போனால் தொற்று வரும் என்ற பயத்தையும் இங்கே பேசிவிட வேண்டும். நோயைத் தருவது சொந்தக் குடலின் கிருமி. கழிவறை இருக்கையில் உட்கார்ந்ததால் அது சிறுநீர்ப்பைக்குள் ஏறிவிடுவதில்லை. பஸ் வழியில் நிற்கும் மோட்டலில் தரை முழுக்க ஈரம், தாழ்ப்பாள் உடைந்த கதவை ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும், வாளியில் தண்ணீர் கலங்கல், துப்பட்டாவை எங்கே மாட்டுவது என்று தெரியாது. அருவருப்பு நியாயமானது. ஆனால் அந்த அருவருப்பால் சென்னையிலிருந்து நாகர்கோவில்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் போவதுதான் உடலுக்குச் செய்யும் கெடுதல். மேற்கத்திய பாணி இருக்கையில் படாமல் அந்தரத்தில் பாதி குனிந்து நிற்பதும் நல்லதில்லை. 1991-இல் பிரிட்டனில் வெளியான ஆய்வில் அப்படி நிற்கும்போது சிறுநீரின் வேகம் 21 சதவீதம் குறைந்தது. சிறுநீர்ப்பையில் மிஞ்சிய அளவோ 149 சதவீதம் கூடியது. தசைகள் தளராததால் முழுதாகக் காலியாவதில்லை. இந்திய பாணிக் கழிவறையில் முழுதாகக் குந்தி உட்காருவது இதில் சேராது. தண்ணீர் ஊற்றித் துடைத்துவிட்டு உட்காருவது, அவசரப்படாமல் கடைசிவரை கழிப்பது, வெளியே வந்து கை கழுவுவது போதும். குடிக்கும் தண்ணீரை மட்டும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள்.

திருமணமான புதிதில் வரும் தொற்றைப் பற்றி நம் குடும்பங்களில் வாய்விட்டுப் பேசுவதில்லை. உறவின்போது கிருமிகள் சிறுநீர்த்தாரைக்குள் தள்ளப்படுவது இயல்பு. புகுந்த வீட்டில் கழிவறை கூடத்தைத் தாண்டி இருக்கும். நடு இரவில் எழுந்து விளக்கைப் போட்டுப் போகக் கூச்சம். உறவுக்குப் பின் சிறுநீர் கழிப்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று மேலே சொன்னேன். ஆனாலும் அதனால் நட்டம் ஏதும் இல்லாததால் மருத்துவர்கள் சொல்லத்தான் செய்கிறார்கள், நானும் அதை ஏற்கிறேன். கணவன் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுண்டு. இது ஒழுக்கம் சம்பந்தப்பட்ட நோய் இல்லை, அவளால் இவனுக்குத் தொற்றுவதும் இல்லை. மாதம் தவறாமல் தொற்று வந்தால் உறவுக்குப் பின் ஒரு வேளை மட்டும் எடுத்துக்கொள்ளும் மருந்து முறை ஒன்று இருக்கிறது, அதை மருத்துவரிடம் கேட்கலாம்.

மாதவிடாய் நாள்களைப் பொறுத்தவரை நம் நாட்டிலேயே நடந்த ஆய்வு இருக்கிறது. ஒடிசாவில் புவனேஸ்வர், ரூர்கேலா மருத்துவமனைகளுக்கு வந்த 486 பெண்களிடம் எடுத்த அந்த ஆய்வு 2015-இல் வெளியானது. துவைத்துத் திரும்பப் பயன்படுத்தும் துணி வைத்தவர்களிடம் பிறப்புறுப்பு, சிறுநீர்த் தொற்றுகள் நாப்கின் பயன்படுத்தியவர்களைவிட அதிகமாக இருந்தன. துணியே குற்றவாளி என்று நான் சொல்ல மாட்டேன். யாரும் பார்க்கக் கூடாதென்று கட்டில் அடியிலும் ஓலைக் கூரை இடுக்கிலும் செருகிக் காயவைத்த துணியும், கழிவறை இல்லாமல் ஒரே துணியை நாள் முழுக்க வைத்திருக்க வேண்டிய நிலையும்தான் கூட்டாளிகள். நன்றாகத் துவைத்து வெயிலில் உலர்த்திய துணி வேறு. நாப்கின் வாங்கினாலும், மாற்ற இடமில்லாமல் பத்து மணி நேரம் வைத்திருந்தால் எரிச்சலும் புண்ணும்தான் மிச்சம்.

குழந்தைகளிடம் பலரும் கவனிக்காத காரணம் மலச்சிக்கல். நிரம்பிய மலக்குடல் சிறுநீர்ப்பையை அழுத்தி, முழுதாகக் காலியாக விடாது. 1997-இல் அமெரிக்காவில் 234 மலச்சிக்கல் குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில் 11 சதவீதத்தினருக்குச் சிறுநீர்த் தொற்று இருந்தது. உடலமைப்புக் கோளாறு இல்லாத குழந்தைகளில் மலச்சிக்கலைச் சரிசெய்ததும் தொற்று திரும்ப வருவது நின்றுவிட்டது. பள்ளிவிட்டு வந்த பெண்பிள்ளை புத்தகப்பையை எறிந்துவிட்டுக் கழிவறைக்கு ஓடினால், அவள் தண்ணீர் பாட்டில் முக்கால்வாசி அப்படியே இருந்தால், பள்ளிக் கழிவறையை ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். 2019-இல் கேரளப் பள்ளிகள் தண்ணீர் குடிக்க மணி அடிக்கும் வழக்கத்தைத் தொடங்கின. பிறகு தமிழ்நாட்டுப் பள்ளிகளிலும் 'வாட்டர் பெல்' வந்தது. நல்ல காரியம். மணி அடித்துக் குடித்த தண்ணீரை வெளியேற்றத் தாழ்ப்பாள் உள்ள கழிவறை இல்லாவிட்டால் பிள்ளைகள் பாட்டிலை வாயில் வைத்துவிட்டு மூடிவிடுவார்கள்.

மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு நிலைமை மாறுகிறது. ஈஸ்ட்ரோஜன் குறைவதால் முன்பு சொன்ன நல்ல பாக்டீரியா குறைந்து, உட்தோல் மெலிந்து, கிருமிக்கு வழி திறக்கிறது. தண்ணீர் மட்டும் போதாமல் போகும் வயது இது. 1993-இல் வெளியான சோதனையில் 93 பெண்கள் பங்கேற்றார்கள். பிறப்புறுப்பில் ஈஸ்ட்ரோஜன் வகையான ஈஸ்ட்ரியால் களிம்பு பூசியவர்களுக்கு ஆண்டுக்குச் சராசரி 0.5 முறை தொற்று வந்தது. மருந்தில்லாத வெறும் களிம்பு பூசியவர்களுக்கு 5.9 முறை. தடுப்பு முறைகளில் இவ்வளவு பெரிய வித்தியாசம் அரிது. இருந்தும் அறுபது வயது அம்மாக்கள் ஆண்டுக்கு நான்கைந்து முறை ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்த இடத்தில் களிம்பு என்று சொல்ல மருத்துவருக்கும் தயக்கம், கேட்க இவர்களுக்கும் கூச்சம். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் புற்றுநோய் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.

கிரான்பெர்ரி மாத்திரைகளும் பொட்டலங்களும் இப்போது நம் மருந்துக்கடைகளில் நல்ல விலைக்கு விற்கின்றன. 50 ஆய்வுகளைத் தொகுத்து 2023-இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு மதிப்பீட்டு அமைப்பு வெளியிட்ட அறிக்கை, தொற்று திரும்ப வரும் பெண்களுக்கு அது ஆபத்தை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைக்கிறது என்கிறது. குழந்தைகளுக்குப் பலன் இன்னும் கூடுதல். இல்லங்களில் வாழும் முதியோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் பலன் தெரியவில்லை. கூடவே கலந்து விற்கப்படும் டி-மேனோஸ் நிலை வேறு. கிருமி கவ்வும் அதே சர்க்கரையைச் சிறுநீரில் கலந்து ஏமாற்றலாம் என்ற யோசனை அழகானது. ஆனால் பிரிட்டனில் 598 பெண்களிடம் ஆறு மாதம் சோதித்து 2024-இல் வந்த முடிவில் அதற்கும் போலி மருந்துக்கும் வித்தியாசம் இல்லை. வசதி இருப்பவர் கிரான்பெர்ரி எடுத்துக்கொள்ளட்டும். பணத்தைக் கணக்குப் பார்க்க வேண்டிய வீட்டில் முதல் செலவு ஒரு நல்ல தண்ணீர் பாட்டிலுக்கு.

ஆண்களுக்குத் தொற்று வந்தால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஐம்பது வயதுக்கு மேல் புராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் மிஞ்சுவது, கல் இருப்பது போன்ற காரணத்தைத் தேட வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்குத் தொற்று வருவதும் முற்றுவதும் அதிகம். ஐசிஎம்ஆர் 2023-இல் வெளியிட்ட கணக்கில் தமிழ்நாட்டில் 14.4 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்பதால் இது பல லட்சம் வீடுகளின் விஷயம். சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் டபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுவோருக்கு வரும் அரிப்பு பெரும்பாலும் பூஞ்சை. அதற்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் பூஞ்சை கூடும். வீட்டில் படுக்கையில் இருப்பவருக்குக் கதீட்டர் போட்டிருந்தால் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது. தேவை முடிந்த நாளிலேயே எடுத்துவிடச் சொல்லிக் கேளுங்கள்.

முழு உடல் பரிசோதனை அறிக்கையில் 'பஸ் செல்ஸ் (சீழ் அணுக்கள்) 8-10' என்று பார்த்துவிட்டு மருந்துக்கடையில் ஐந்து மாத்திரை வாங்கிச் சாப்பிடுவதும் ஒரு பழக்கம்தான், அதை நிறுத்துவதும் தடுப்பில் சேரும். அறிகுறி இல்லாமல் சிறுநீரில் கிருமி இருந்தால், கர்ப்பிணிகளையும் சிறுநீர்ப்பாதை அறுவைக்குப் போகிறவர்களையும் தவிர மற்றவர்களுக்குப் பொதுவாக மருந்து வேண்டாம். தேவையின்றிச் சாப்பிட்ட மாத்திரை நல்ல பாக்டீரியாவையும் கொன்று, குடலில் எதிர்ப்பு பெற்ற கிருமிகளை மிச்சம் வைக்கிறது. அடுத்த தொற்று அங்கிருந்துதான் வரும். கிருமியைப் பல மருந்துகளுக்கு அடங்காமல் செய்யும் என்டிஎம்-1 நொதி முதன்முதலில் கண்டறியப்பட்டதே 2008-இல் ஒரு நோயாளியின் சிறுநீரில். 2010-இல் அதன் பரவலைக் காட்டிய கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர். அதில் சென்னை நோயாளிகளின் மாதிரிகளும் இருந்தன. இந்தியாவில் ஈ.கோலை சிப்ரோஃப்ளாக்சசினுக்குப் பெரும்பாலும் அடங்குவதில்லை. பழைய நைட்ரோஃபுரன்டாயின் இன்னும் நன்றாக வேலை செய்கிறது. எது பொருந்தும் என்பதைத் திரும்ப வரும் தொற்றில் கல்ச்சர் டெஸ்ட்தான் சொல்லும். அதற்கு மாதிரி கொடுப்பதிலும் முறை இருக்கிறது. மருந்து தொடங்கும் முன் கொடுக்க வேண்டும். தண்ணீரால் கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதை மட்டும் லேப் கொடுத்த டப்பாவில் உள்பக்கம் விரல் படாமல் பிடிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் லேபில் சேர வேண்டும், இல்லையேல் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும்.

இவ்வளவையும் தெரிந்துகொண்ட பிறகும் முன்பு சொன்ன துணிக்கடைப் பெண்ணின் பாட்டில் நிரம்பித்தான் இருக்கிறது. அதை மாற்றியவர்கள் யார் என்று பார்த்தால், கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெருக் கடைப்பெண்களைத் திரட்டிய தையல்காரர் பி. விஜியும் அவர் உருவாக்கிய 'பெண்கூட்டு' அமைப்பும் முதலில் வருவார்கள். வேலையிடத்தில் கழிவறை வேண்டும் என்று தொடங்கிய அந்தப் போராட்டம், உட்கார நாற்காலி வேண்டும் என்ற கோரிக்கையாக வளர்ந்து, 2018-இல் கேரளக் கடைகள் சட்டத்தைத் திருத்த வைத்தது. 2021-இல் தமிழ்நாடும் கடை ஊழியர்களுக்கு இருக்கை தரும் திருத்தத்தைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம், முதல்வர் செல்லும் சாலையோரப் பாதுகாப்பில் பெண் காவலர்களை நிறுத்த வேண்டாம் என்று தமிழ்நாடு காவல்துறையில் உத்தரவு வந்தது. மணிக்கணக்கில் கழிவறை இல்லாமல் நிற்கும் அவதியே அதற்குப் பின்னால் இருந்தது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், நாட்டின் எல்லா நீதிமன்றங்களிலும் ஆண், பெண், மாற்றுத்திறனாளி, திருநர் எல்லோருக்கும் கழிவறை அமைக்க உத்தரவிட்டு, அதை உயிர்வாழும் உரிமையோடு சேர்த்துப் பேசியது.

ஆலைகளுக்கான விதி இவற்றைவிடப் பழையது. 2025வரை நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 19-ஆவது பிரிவு, பெண்களுக்குத் தனிக் கழிவறை இருக்க வேண்டும், வெளிச்சமும் காற்றும் இருக்க வேண்டும், எப்போதும் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்றது. தொழிலாளர் ஆலைக்குள் இருக்கும் எல்லா நேரமும் அது அவர்கள் போகக்கூடியதாக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. எல்லா நேரமும் என்றால், பொறுப்பாளர் அனுமதிக்கும் நேரம் மட்டும் இல்லை. கடை முதலாளியும் தலைமையாசிரியரும் ஆலை மேலாளரும் செய்ய வேண்டியது சில காரியங்கள்தான். ஒவ்வொரு மாடியிலும் ஒரு கழிவறை, உள்ளே தாழ்ப்பாள், குழாயில் தண்ணீர், வாளியும் குவளையும், நாப்கின் போட மூடிய தொட்டி, ஆடை மாட்ட ஓர் ஆணி. ஒருவர் போய்வரும் ஐந்து நிமிடம் அவர் இடத்தில் நிற்பதற்கென்றே முறை வைத்து ஓர் ஆள்.